கவலை ஏற்றத்தை அளந்து பார்த்த சாட்டர்டன்

ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர் பக்கம் பழைய கிணறு உள்ள தோட்டங்களில் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கிணற்றின் ஒரு கரை மட்டும் உயர்ந்து நிற்கும். அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒரு மண்பாதை சரிந்து இறங்கும். இன்று அதில் தென்னங்கன்று நிற்கும், அல்லது டிராக்டர் நிறுத்தியிருப்பார்கள். அதுதான் கவலை வாரி. மின்மோட்டார் வருவதற்கு முன் சேலம், நாமக்கல் சமவெளியின் தோட்டக்காலை வாழவைத்த இடம் அது. வடக்கயிற்றில் கட்டிய சாலை மாடுகள் சரிவில் இறங்கி இழுக்கும். சால் மேலே வந்ததும் வால்கயிறு தளர, தோல் வாய் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். மாடுகள் பின்வாங்கி ஏறும். மறுபடி இறங்கும்.

இந்த ஏற்றம் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது, அதற்கு எவ்வளவு செலவாகிறது, வேறு வழியில் இறைத்தால் மிச்சமாகுமா என்று படிகட்டி அளந்து பார்த்த பொறியாளர் ஒருவர் சென்னை மாகாணத்தில் இருந்தார். பெயர் ஆல்பிரட் சாட்டர்டன். தொழில் வரலாறு படித்தவர்களுக்கு அவரை அலுமினியப் பாத்திரத்தை நம் நாட்டுக்குப் பழக்கியவராகத் தெரியும். மைசூர் சந்தன எண்ணெய்த் தொழிலோடும் அவர் பெயர் வரும். சேலத்துக்காரர்களுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு; அதைப் பிறகு சொல்கிறேன். உழவர்கள் அவரை நினைவில் வைத்திருக்க வேண்டியது கிணற்றுக்காக.

1866-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டனில் பொறியியல் படித்துவிட்டு 1888-ல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இன்று கிண்டியில் இருக்கும் அந்தக் கல்லூரி அப்போது சேப்பாக்கத்தில் இருந்தது. பாடம் நடத்தியதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத இந்தப் பக்கத்தில் ஒன்றும் இருந்திருக்காது. சென்னை கலைப் பள்ளியின் பொறுப்பும் அவரிடம் வந்தபோது, 1898-ல் அங்கேயே அலுமினியத் தகட்டைத் தட்டிப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் வாங்க முடியாத வீட்டுக்கு எடை குறைந்த, ஈயம் பூச வேண்டாத பாத்திரம். வியாபாரம் பிடித்ததும் அதைத் தனியார் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அரசு ஒரு தொழிலைச் செய்து காட்ட வேண்டும், ஓடத் தொடங்கியதும் விலகிவிட வேண்டும் என்பது அவருடைய வழி.

எல்லா ஏற்றத்துக்கும் ஒரே அளவுகோல்

அந்தக் காலத்தில் நீர் இறைக்கக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் மேலே கிடக்கும் இடத்தில் ஆள் ஏறி மிதிக்கும் ஏற்றம். ஆழக் கிணற்றுக்கு மாடு பூட்டிய கவலை. பின்வாங்கி நடக்கும் நேரம் வீணாகிறது என்று மாடுகளை வட்டமாகச் சுற்றவிட்டு, ஒரு சால் ஏற இன்னொரு சால் இறங்கும் இரட்டைச் சால் ஏற்றம். சீமையிலிருந்து வந்த காற்றாலை. எண்ணெயில் ஓடும் என்ஜினும் அதோடு சுழலும் பம்பும். கரியைப் புகைத்து அந்த வாயுவில் ஓடும் என்ஜின்கூட வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வியாபாரி. தன் கருவிதான் உசத்தி என்று சொல்லாத வியாபாரி அன்றும் இல்லை.

சாட்டர்டன் எந்தக் கருவிக்கும் முன்கூட்டியே பரிந்து பேசவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வியைப் போட்டார். இவ்வளவு தண்ணீரை இவ்வளவு அடி உயரம் தூக்க என்ன செலவு? அந்தச் செலவில் மாட்டுத் தீவனம், ஆள் கூலி, கயிறு, தோல், எண்ணெய், வாங்கிய பணத்துக்கு வட்டி, தேய்மானம் எல்லாம் அடக்கம். பொறியியலில் ஒரு பொருளை வடிவமைக்கும்போது முதல் யோசனையைப் பிடித்துக்கொண்டு ஓடாமல், பல மாற்று வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும் என்று இன்று மாணவர்களுக்குப் பாடமாகவே சொல்லித்தருகிறார்கள். அதை நூறாண்டுக்கு முன் கிணற்று மேட்டில் செய்தவர் அவர்.

கணக்கு எப்படி வரும் என்று நாமே ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் ஒரு அங்குல உயரம் தண்ணீர் நிற்க 1 லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம் வேண்டும். அதைச் சுமார் 33 அடி, அதாவது 10 மீட்டர் ஆழத்திலிருந்து தூக்க, ஒரு சொட்டும் சிந்தாமல், உராய்வே இல்லாமல் தூக்கினால், இன்றைய மின்கணக்கில் 2.7 யூனிட் ஆகும். நல்ல மாட்டு ஜோடி இழுக்கும் திறன் ஏறக்குறைய 1 எச்.பி. என்று வைத்துக்கொண்டால், வெறும் இழுப்புக்கே 3 மணி 40 நிமிடம். பின்வாங்கி ஏறும் நேரம், சாலில் சிந்தும் தண்ணீர், உருளையின் உராய்வு, மாட்டுக்கு இளைப்பாற நேரம் எல்லாம் சேர்த்தால் விடியலில் பூட்டிய கவலை உச்சிவெயில் தாண்டித்தான் நிற்கும். ஒரு அங்குலத் தண்ணீருக்கு இந்தப் பாடு. அன்று ஒரு கிணற்றுக்கு ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கருக்கு மேல் தோட்டப் பயிர் வைக்க முடியாமல் போனதற்குக் காரணம் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது.

அளந்து பார்த்ததில் பலர் எதிர்பாராத ஒன்று வெளிவந்தது. நம் கவலை மட்டமான கருவி இல்லை. மாடு தன் உடல் எடையையும் சேர்த்துச் சரிவில் இறங்குவதால், போட்ட உழைப்பில் நல்ல பங்கு தண்ணீராகவே வெளிவருகிறது. வடிவத்தைத் திருத்தி அதிலிருந்து பெரிதாக எதையும் பிழிந்துவிட முடியாது. குறை கருவியில் இல்லை, பூட்டிய விசையில். மாட்டின் வலு அவ்வளவுதான். வேளாண் அறிவியல் படித்த என்னைப் போன்றவர்கள் கிராமத்துக்குப் போனதும் இருப்பதையெல்லாம் பழசு என்று தள்ளிவிடும் அவசரம் உண்டு. இந்தப் பொறியாளருக்கு அந்த அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

கவலையில் அவர் கைவைத்த இடம் சால். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் நாள் முழுக்க ஈரத்தில் கிடந்தால் சீக்கிரம் இற்றுப்போகும். தோல் மாற்றும் செலவு உழவனுக்கு ஓயாத செலவு. குரோமிய உப்பில் பதனிட்ட தோல் தண்ணீரைத் தாங்கும் என்பதால் அதை இங்கே செய்து பார்க்கத் தொடங்கினார். சென்னையில் குரோம் தோல் தொழில் கால் ஊன்றியதற்கு ஒரு காரணம் கிணற்றுச் சால். பிறகு அந்தத் தோல் செருப்புக்கும் பூட்ஸுக்கும் போனது வேறு கதை.

காற்றாலை சென்னையில் ஓடியது. ஆனால் பயிர் வாடும் நாளில் காற்று வர வேண்டும் என்று சட்டமில்லை. அடிக்கும்போது இறைத்துத் தேக்கி வைக்கத் தொட்டி கட்ட வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடலோரத்தில் ஓரளவு கட்டுப்படியாகும் கணக்கு உள்நாட்டில் இடித்தது.

எண்ணெய் என்ஜினுக்குக் கணக்கு நின்றது. 1900-களின் முதல் பத்தாண்டில் செங்கல்பட்டு, தென்னார்க்காடு பக்கம் தொடங்கி மாகாணத்தின் பல மாவட்டங்களில் என்ஜின் பம்புகள் நூற்றுக்கணக்கில் பெருகின. அரசு கடனும் கொடுத்தது. இதற்கென்று பம்பு, துளையிடும் பணிக்கு ஒரு தனிப் பிரிவே ஏற்பட்டது. ஏன் பம்போடு துளையிடுதலும் சேர்ந்தது? இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். ஆனால் அதற்கு முன் சேலத்துக்குப் போய்வர வேண்டும்.

சேலத்துத் தறிக் கொட்டகை

1906-ல் சாட்டர்டனின் முயற்சியில் சேலத்தில் அரசு நெசவுக் கொட்டகை ஒன்று திறந்தது. குழித்தறியில் கையால் நாடாவை எறிந்து நெய்வதற்குப் பதிலாக, கயிற்றை இழுத்தால் ஓடும் விசைநாடாத் தறியைப் பழக்கினால் ஒரு நாளில் நெய்யும் துணி பெருகும், மில் துணியோடு நெசவாளி போட்டி போட முடியும் என்பது எண்ணம். இங்கேயும் ஒரே தறியோடு அவர் நிற்கவில்லை. பலவகைத் தறிகளை ஓட்டிப் பார்த்தார்கள். 1908-ல் சென்னையில் தறிகளுக்கு ஒரு போட்டியே நடந்தது. தறிக் கணக்கில் விசைநாடா தேறியது.

கொட்டகை தேறவில்லை. நெசவாளர்கள் ஒழுங்காக வரவில்லை. வந்தவர்களும் நிலைக்கவில்லை. சோம்பல் என்று அன்றைய அதிகாரிகள் சிலர் எழுதி வைத்திருக்கலாம். சேலத்தில் நெசவு வீட்டைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். நெசவு ஒரு ஆளின் வேலை இல்லை. மனைவி தார் சுற்றுவாள், பிள்ளைகள் நூல் எடுத்துக் கொடுப்பார்கள், பெரியவர் அறுந்த இழையைப் பிணைப்பார். விடியற்காலையில் பாவடியில் தெருவே கூடிப் பாவு நீட்டிக் கஞ்சி போடும். அந்த வீட்டிலிருந்து ஒருவரை மட்டும் பிரித்து, மணி அடித்ததும் கொட்டகைக்கு வா என்றால் மற்றவர்களின் உழைப்புக்கு வேலை இல்லாமல் போகும். நூல் கடன் கொடுத்த வியாபாரியும் சும்மா இருக்கமாட்டான்.

இன்னொன்றும் உண்டு. தறி வேகமானால் பாவு சீக்கிரம் தீரும். பாவு ஓட்டுவதும் கஞ்சி போடுவதும் பழைய வேகத்திலேயே இருந்தால் தறி காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஒரு கண்ணியை வேகப்படுத்தினால் இழுபறி அடுத்த கண்ணிக்குப் போகும்.

விசைநாடா பிற்காலத்தில் நெசவாளர் வீடுகளுக்குள்ளேயே புகுந்து பரவியது. தறியின் வடிவம் சரி, அதை வைத்த இடம்தான் ஒத்துவரவில்லை என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதைத் தெளிவாகத் தேறவிடும் அவகாசம் அந்தக் கொட்டகைக்குக் கிடைக்கவில்லை. அரசே தொழில் நடத்துவது வெள்ளைக்கார வியாபாரிகளுக்குக் கசந்தது. லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு 1910-ல், அரசாங்கம் தொழில் நடத்திக் காட்டும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு அனுப்பினார். சேலம் கொட்டகை மூடப்பட்டது. குரோம் தோல் சாலையும் கைமாறியது. தொழில் துறையே கலைந்தது. 20 ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் கற்பனை செய்து எழுதப் போவதில்லை. 1912-ல் அவர் மைசூர் சமஸ்தானத்துக்குப் போனார். விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த காலம். அங்கே அவர் பொறுப்பில் தொழில் துறை வளர்ந்தது. 1916-ல் சந்தன எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். மதன் மோகன் மாளவியாவும் தோராப்ஜி டாட்டாவும் இருந்த இந்தியத் தொழில் ஆணையத்தில் அவரும் உறுப்பினர். சர் பட்டமும் கிடைத்தது.

என்ஜின் வேகம், ஊற்றின் வேகம்

இனிக் கிணற்றுக்கு வருவோம். தறிக்குப் பாவு எப்படியோ அப்படித்தான் பம்புக்கு ஊற்று. கவலை மெதுவாக இறைக்கும். அது இறைக்க இறைக்கக் கிணறும் ஓரளவு ஊறிக்கொண்டே இருக்கும். மாடு களைத்து நிற்கும் நேரத்தில் தண்ணீர் ஏறிவிடும். மாட்டின் வலுக்குறைவே கிணற்றுக்குக் காவலாக இருந்தது என்று சொல்லலாம். என்ஜின் அப்படியில்லை. கிணற்றில் நின்ற தண்ணீரைச் சற்று நேரத்தில் உறிஞ்சிவிட்டு வெறும் காற்றை இழுக்கும். என்ஜினுக்குப் போட்ட பணம் வட்டி தின்னும்.

ஆகவே என்ஜின் வாங்கலாமா என்று கேட்டவர்களிடம் கிணற்றின் ஊற்றைப் பார்க்காமல் பேச முடியாது என்பதைச் சாட்டர்டன் அழுத்திச் சொன்னார். எந்தப் பம்பு என்பது இரண்டாவது கேள்வி. கிணறு மணிக்கு எவ்வளவு தருகிறது என்பது முதல் கேள்வி. ஊற்று போதாத கிணற்றில் அடியில் துளைபோட்டு நீர் வரத்தைக் கூட்டப் பார்த்தார்கள். பம்போடு துளையிடும் கருவியும் ஒரே பிரிவில் சேர்ந்தது இதனால்தான். நீர் இறைப்பைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமும் எழுதினார். இன்றும் வேளாண்மைப் பொறியியல் துறையில் துளையிடும் கருவிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன என்றால், அந்த வேர் பழையது.

வண்டலும் மணலும் உள்ள கடலோர மாவட்டங்களில் துளை நன்றாகக் கைகொடுத்தது. நம் சமவெளி வேறு. மேலே செம்மண், அடியில் சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் நிற்பது சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்பிலும்தான். கையால் திருகும் துளைக்கருவி இந்தப் பாறையில் ஒன்றும் செய்யாது. கெட்டிப் பாறையைக் காற்றழுத்தச் சம்மட்டியால் தகர்க்கும் ரிக் வண்டி பிற்காலத்தில் வந்தது. அந்த வண்டிக்கு இன்று நாடு முழுக்கப் பெயர் பெற்ற ஊர் நம் திருச்செங்கோடு. மத்தியப் பிரதேசத்தில் துளை போடும் வண்டியிலும் திருச்செங்கோட்டுப் பெயர்ப்பலகை தொங்கும். மேட்டூர் மின்சாரம் வந்தபின் சேலம் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் ஏறியது, கவலை இறங்கியது. கிணறு ஆழமானது, பிறகு ஆழ்துளையானது, 1,000 அடியும் தாண்டியது. எங்கள் மாவட்டங்களின் பல ஒன்றியங்களில் ஊறுவதைவிட எடுப்பது அதிகம் என்று நிலத்தடி நீர்க் கணக்கு வருடந்தோறும் சொல்கிறது.

இதில் நானும் ஒரு முட்டாள்தனம் செய்தவன்தான். முனைவர் பட்டம் வாங்கிய புதிதில், எங்கள் தோட்டத்தில் இருந்த 5 எச்.பி. மோட்டார் பழுதானது. விற்பவர் 7.5 எச்.பி. போடுங்கள், தண்ணீர் சீறும் என்றார். போட்டோம். சீறியது. முக்கால் மணி நேரத்தில் காற்றுதான் வந்தது. அந்தக் கோடையில் வாழை பாதி போனது. அப்பாவுக்கு எழுத்தறிவு குறைவு. மோட்டார் பெரிசானா ஊத்து பெரிசாகுமாப்பா என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் கிணற்றில் இதை அளக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு கயிறு, ஒரு கல், ஒரு கடிகாரம் போதும். மோட்டாரை நிறுத்தியதும் தண்ணீர் மட்டத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இறக்கிப் பாருங்கள். 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் மட்டம் அரை அடி ஏறியிருந்தால் 4,400 லிட்டர் ஊறியிருக்கிறது என்று பொருள். 50 அடி ஆழத்திலிருந்து இறைக்கும் சுமாரான 5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரத்தில் 40,000 லிட்டர் வரை தள்ளும். ஒரு மணி இறைத்ததை ஊற்று திருப்பித் தர 9 மணி நேரம். கிணறு அடிவரை இறங்கியபின் ஊற்று வேகமாகவும், நிரம்ப நிரம்ப மெதுவாகவும் வரும். ஆகவே நிறுத்தியவுடன் ஒருமுறை, 4 மணி நேரம் கழித்து ஒருமுறை என இரண்டு முறை அளப்பது நல்லது. மாசியில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை அளந்து எழுதி வைத்தால் இரண்டு வருடத்தில் உங்கள் கிணற்றின் குணம் உங்களுக்கு அத்துப்படி ஆகிவிடும்.

இப்போது சூரியசக்தி பம்புசெட்டுக்கு மனுப் போடலாமா, நீர்மூழ்கி மோட்டார் போடலாமா, சொட்டுநீரோடு சின்ன மோட்டார் போதுமா என்று விரிவாக்க அலுவலர்களிடம் கேட்காத நாளில்லை. சாட்டர்டன் காலத்தைவிட இன்று வகைகள் அதிகம். ஆனால் அவர் வைத்திருந்த ஒரு அளவுகோல் நம்மிடம் இல்லை. விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லாததால், ஒரு அங்குலத் தண்ணீர் இறைக்க என்ன செலவு என்ற கேள்வியே நம் வீடுகளில் எழுவதில்லை. கட்டணம் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பணக்கணக்கு போய்விட்ட இடத்தில் ஊற்றுக் கணக்கையாவது வைத்தால்தான் இந்த மோட்டாரா அந்த மோட்டாரா என்று ஒப்பிட முடியும். மணிக்கு 4,000 லிட்டர் ஊறும் கிணற்றுக்குப் பகல் முழுக்க நிதானமாக ஓடும் சின்ன சூரியசக்தி பம்பு பொருந்தலாம். அதே பம்பு, ஆற்றோரமாக ஊற்று மிகுந்த பரமத்திவேலூர்த் தோட்டத்துக்கு எட்டாமல் போகலாம். மரவள்ளிக்காரருக்கு ஒரு கணக்கு, வாழப்பாடி பாக்குத் தோப்புக்காரருக்கு வேறு கணக்கு.

சாட்டர்டன் 1958-ல் இங்கிலாந்தில் காலமானார். வயது 91. அந்த ஆண்டில்கூட எங்கள் ஊரில் கவலை ஓடியதாக அப்பா சொல்வார். தாத்தா விடிகாலை 4 மணிக்கு மாட்டைப் பூட்டும்போது கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, படியில் தண்ணீர் எத்தனையாவது கல்லில் நிற்கிறது என்று சத்தமாக எண்ணுவாராம். இந்த வருட வைகாசியில் நானும் எண்ணினேன். 5 எச்.பி.க்குத் திரும்பிவிட்டோம், இப்போது ஒரு நாளைக்கு இரண்டு முறை, முறைக்கு 40 நிமிடம் ஓட்டுகிறோம். வாழையை ஒரு ஏக்கர் குறைத்து அந்த இடத்தில் நிலக்கடலை போட்டிருக்கிறோம்.